அடிப்பதற்கு முன் நடந்தது

ஜூலை 7, திங்கள்

விடியலிலிருந்து தூறல். துணி காயவில்லை. வாங்க: பால், பல்ப், ரவியின் மாத்திரை.

தம்பி ரவியைப் பார்த்துக்கொள்ளும் பகல்நேர மையத்தில் மேகா மேடம் கூப்பிட்டார். தம்பி தலையில் அடித்துக்கொள்வது அதிகமாகிவிட்டது, வீட்டிலிருந்தே நெற்றி வீங்கி வருகிறான் என்றார். இந்த மாதத்துக்குள் குறையாவிட்டால் வைத்துக்கொள்ள முடியாதாம். நான் வேலையை விட வேண்டியதுதான். ரவிக்கு நாற்பத்தொன்று, பேச்சு நாலே சொல்.

ஒரு தாள் கொடுத்தார். மூன்று கட்டம்: முன் நடந்தது, செய்தது, பின் நடந்தது. கவனம் கேட்டு அடிக்கிறானா, பொருள் கேட்டா, எதிலிருந்தாவது தப்பிக்கவா, உடம்புக்கு இதமாகவா. காரணத்துக்குத் தக்க வைத்தியமாம். சொல்வது இருபத்தாறு வயதுப் பெண். நான் எம்.எஸ்ஸி.

ஜூலை 8

மூன்று தடவை. முன்: ஒன்றுமில்லை. பின்: ஒன்றுமில்லை. குறிப்பு: பிடிவாதம். அம்மா கொடுத்த செல்லம்.

ஜூலை 9, புதன்

'பிடிவாதம்', 'செல்லம்' இரண்டையும் மேடம் சிவப்பில் அடித்துவிட்டார். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதச் சொன்னார். இந்தியில், மரியாதையாகத்தான். அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். என்னைப் பற்றி எதற்கு என்றேன். 'முன் நடந்தது' கட்டத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

ஜூலை 11, வெள்ளி

கொட்டுகிறது. தாள்:

நேற்று 7.10. போனில் சத்தம் போட்டேன். அடித்தான். போனை வைத்தேன். நிறுத்தினான்.

இன்று 6.40. என்னை முந்தி மேனேஜர் ஆன அந்த ஜூனியரைச் சுவரைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அடித்தான். வாயை மூடினேன். நிறுத்தினான்.

இரண்டாவதை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். எழுதினேன்.

நேற்றைய போன் அக்காவுக்கு. அம்மா போனபோது பதின்மூன்றாம் நாள்தானே வந்தாய் என்று ஆரம்பித்தேன். "பதினாலு வருஷமா அதையே சொல்லிக்கினு இருக்கியேடா. என்னை விடு, அவன் காது என்னடா பாவம் பண்ணுச்சு?" என்றாள்.

ஜூலை 14, திங்கள்

மேடம் தாளைப் பார்த்தார். தப்பிக்க அடிக்கிறான், சத்தத்திலிருந்து, என்றார். யாருடைய சத்தம் என்று சொல்லவில்லை.

நீல அட்டை ஒன்று கொடுத்தார், 'நிறுத்து' என்று உள்ளங்கைப் படம் போட்டது. மையத்தில் பழக்கியிருக்கிறார்கள். அவன் அதைக் காட்டினால் அந்த நொடியே பேச்சை நிறுத்த வேண்டும், பாதி வாக்கியமானாலும். நான் ஒரு தடவை தவறினாலும் கை தலைக்குப் போய்விடுமாம்.

ஜூலை 17

அட்டை நான்கு. அடி ஒன்று. இப்படியே போனால் இடம் உண்டு என்றார் மேடம்.

அக்கா போன் எடுப்பதில்லை. இந்தப் பிம்ப்ரி ஊரில், வேலையிடத்தில் எல்லாம் மராட்டி, அதுவும் வேலைப் பேச்சு. தமிழில் பேச இவன் ஒருவன்தான்.

ஜூலை 20, ஞாயிறு

மழை இல்லை. சப்பாத்தி, உருளைக்கிழங்கு. மூன்று நாளாக அடி இல்லை. நெற்றி வீக்கம் வடிந்துவிட்டது.

சாப்பிடும்போது அவனிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று தோன்றியது. குரலை நன்றாகத் தாழ்த்திக்கொண்டுதான் ஆரம்பித்தேன். "ரவி, இத்தனை வருஷமா நான்..."

அட்டையைக் காட்டினான்.

நிறுத்தினேன். இன்னொரு சப்பாத்தி எடுத்துக்கொண்டான்.