ராட்சதன் தூக்கிய கை

அன்புள்ள கியோனோ,

நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? உன் இடுப்புவலி குறைந்ததா? திட்ட ஆளில்லாமல் நான் இங்கே ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன்.

ஸ்டூடியோவில் ரப்பர் ராட்சத உடைக்குள் புகுந்து, பொம்மை வீடுகளை மிதிப்பதுதான் இப்போதும் வேலை. மூச்சு முட்டினால் வலது கையை உயர்த்த வேண்டும். உடை மாட்டிவிடும் பையன் கொந்தா ஓடிவந்து உடையின் முதுகைத் திறந்துவிடுவான். போன வாரம் விளக்குச் சூடு தாங்காமல் உயர்த்தினேன். டைரக்டரோ, "அடடா, என்னா கோபம்! நிறுத்தாதீங்க, ஓடட்டும்!" என்று கத்தினார். நான் விழுந்த பிறகுதான் திறந்தார்கள். உடையின் காலைக் கவிழ்த்தால் ஒரு கிண்ணம் வியர்வை.

"போய்ட்டீங்கன்னே நெனச்சேண்ணே," என்றான் கொந்தா.

"பொண்டாட்டிய கேக்காம போக முடியுமாடா?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, பயமும் வரவில்லை.

போஸ்டர் ஓவியர் அந்தக் கையையே வரைந்துவிட்டார். பின்னால் ஊர் எரிகிறது, மேலே சிவப்பு எழுத்து. அழகாகத்தான் இருக்கிறது.

நாலு பருத்தித் துண்டும் நீ போட்ட உமேக்காய் ஊறுகாயும் அனுப்பு. நம் ஊர் தியேட்டரில் போஸ்டர் ஒட்டினால் பிள்ளைகளுக்குக் காட்டு. ராட்சதனுக்குக் கோபம் என்பார்கள், சொல்லட்டும். நீ மட்டும் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்.

உடை மாட்டக் கூப்பிடுகிறார்கள்.

உன் தோமெகிச்சி