பறவை காணப்படவில்லை

செங்கலடி
12.10.2025

அன்புள்ள தம்பி சில்வெஸ்டருக்கு,

வாவியில் இறால் பிடிக்கும் இளையதம்பி போன கிழமை என்னிடம் கேட்டார்: “ரீச்சர், உங்கட தம்பி இஞ்ச வந்த அண்டைக்குக் கண்ணாடி போடல்லயா?” பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். தொலைபேசியை நீ எடுப்பதில்லை; ஆகவே எழுதுகிறேன்.

இறால் பண்ணைக் கம்பனிக்கு நீ எழுதிக் கொடுத்த ஆய்வறிக்கையை வாசித்தேன். ‘உவர்ச்சேறு. தரிசு. கரைப்பறவை எதுவும் காணப்படவில்லை.’ இன்று காலை அதே சேற்றில் நின்றேன். உள்ளான் குருவிகள் மட்டும் நானூறுக்கு மேல். சைபீரியாவிலிருந்து பறந்து வந்த களைப்பில், தலை நிமிராமல் கொத்திக்கொண்டிருந்தன. தரிசு என்று எழுத உனக்குக் கை கூசவில்லையா?

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.
அக்கா பீற்றிஸ்

கொழும்பு
20.10.2025

அன்பின் அக்கா,

உங்கள் கோபம் விளங்குகிறது. ஆனால் நான் பொய் எழுதவில்லை. மூன்று நாள் முழங்கால் சேற்றில் நடந்தேன்; ஒரு குருவிகூட இல்லை. இனி அறிக்கையை மாற்றினால் என்னை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? பண்ணை பற்றி நடக்கப்போகும் ஊர்க் கூட்டத்தில் தயவுசெய்து பேசாதீர்கள். நீங்கள் என் அக்கா என்று எல்லோருக்கும் தெரியும்.

சில்வெஸ்டர்

செங்கலடி
26.10.2025

தம்பி,

நீ பொய் எழுதவில்லை. அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆத்திரம்.

எந்த மூன்று நாள் நடந்தாய்? அந்தோனியார் திருநாளுக்கு வீட்டுக்கு வந்தாய். வந்த கையோடு ஆய்வையும் முடித்தாய். அது ஆனி மாதம். அப்போது அந்த உள்ளான்கள் வடக்கே குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கும். ஆவணி விடுமுறையில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து, ‘மாணவர் எவரும் காணப்படவில்லை, இடிக்கலாம்’ என்று எழுதுவாயா? உனக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பிய நானும் மாதத்தை யோசிக்கவில்லை. கூட்டத்தில் அதையும் சொல்லுவேன்.

சேற்றை மறித்து இறால் குளம் வெட்டினால், அந்த ஆழத்தில் விரல் நீளக் கால்கள் நிற்குமா? அவ்வளவு தூரம் பசியோடு வந்தவை எங்கே இறங்கும்?

கூட்டம் வருகிற பதினைந்தாம் திகதி. நான் பேசுவேன், உன் பெயரையும் சொல்லி. அதற்குப் பிறகு நீ என் வீட்டுக்கு வராமல் விடலாம். அந்தத் துக்கத்தை நான் தாங்கிக்கொள்வேன்.

அதற்குள் ஒன்று செய். ‘கரைப்பறவை’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘ஆனி மாதத்தில்’ என்று உன் கையால் எழுதி, அந்த வரியை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்.

அக்கா