ரோஜாத் தோட்டத்துல பாத்த ஆள்

பிரார்த்தனைக் கூட விடுதி, அறை 11
அக்டோபர் 7, செவ்வாய்

இல்லடி கண்ணு, நான் மறக்கல. போயிட்டுதான் வந்தேன். போனதுலதான் குழப்பமே. புரிஞ்சது கொஞ்சம், புரியாதது ஒரு மூட்டை.

போன்ல சொல்லலாம்னா உங்க வீட்டு போன எடுக்கறதே உங்கப்பாதான். என் கூடப் பொறந்த அண்ணன்தான், ஆனா மாப்பிள்ளை பேச்ச எடுத்தா அவருக்குக் காது அடைச்சுக்கும், எனக்கு வாய் அடைச்சுக்கும். அதான் உன் தையல் கடை விலாசத்துக்கே எழுதறேன்.

காலைல பிரார்த்தனை முடிஞ்சதும் கூட வந்தவங்கள்லாம் கம்பளிச் சட்டை வாங்கக் கிளம்பிட்டாங்க. நான் மட்டும் பஸ் ஏறி, மாப்பிள்ளை வேலை பாக்கற ரோஜாத் தோட்டத்துக்குப் போனேன். எவ்ளோ பெரிய தோட்டம்! ஆனா பூ எங்கடி? மரத்து இலையெல்லாம் மஞ்ச மஞ்சளா கொட்டிக் கிடக்கு. செடியில அங்க ஒண்ணு இங்க ஒண்ணு பூத்திருக்கு. மத்ததெல்லாம் வாடிப்போய் காம்புலயே தொங்குது. கத்திரி பட்ட தடயமே இல்ல. இங்க இருக்கறவங்க எல்லாம் சோம்பேறிங்க போலன்னு நெனச்சேன். ஒவ்வொரு செடிக்கும் தகரத்துல பேரு வேற எழுதி நட்டிருக்காங்க, ஒண்ணுகூட என் வாயில நுழையல.

நீ சொன்ன அடையாளம் குண்டுக் கன்னம், மீசை, பச்சைத் தொப்பி. தொப்பி எல்லாரும்தான் போட்டிருக்காங்க. மாப்பிள்ளைய உன் கல்யாணத்தன்னைக்கு ஒரு நாள் பாத்ததுதான், அன்னைக்கும் நான் அடுப்படிய விட்டு வெளிய வரல. குண்டா மீசையோட ஒருத்தன் தள்ளுவண்டியில எரு தள்ளிட்டு வந்தான். சரி, இவர்தான்னு மனசுல முடிச்சு போட்டுக்கிட்டேன்.

பெஞ்சுல உக்காரப் போனேன். ஒல்லியா, தாடி வச்ச ஒரு தோட்டக்காரர் இலை வாரிட்டிருந்தார். "ஈரமா இருக்கும்மா"ன்னு துடைச்சு விட்டார். "நல்லாருங்க பெரியவரே"ன்னேன். நல்ல மனுஷன். நான் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன், உனக்குத் தெரியாதா? அண்ணன் பொண்ணு புருஷன்கிட்ட கோச்சுக்கிட்டு அப்பன் வீட்டுல இருக்கா, பதினாலு மாசமாச்சு, ஒரு தடவகூட வந்து கூப்பிடல, இருபதாம் தேதி வக்கீல் குடுத்த விவாகரத்து பேப்பர்ல கையெழுத்து போடப் போறா, எல்லாத்தையும் கொட்டிட்டேன். பேரு மட்டும் சொல்லல, அந்த விவரம் எனக்கும் உண்டு. அவர் வாரறத நிறுத்திட்டு, "அந்தப் பொண்ணு இப்ப என்ன பண்றா?"ன்னார். "ஊர்ல பாதிப் பேரு சட்டை அவ தச்சதுதான்"னேன்.

அப்பதான் கண்ணு... எழுதலாமா கூடாதான்னு தெரியல. ஒருத்தி சின்னப் பிள்ளையோட வந்து அந்த மீசைக்காரன் கையில சாப்பாட்டு டப்பாவ குடுத்தா. அவன் பிள்ளையத் தூக்கி வண்டியில உக்கார வச்சான். மூணு பேரும் சிரிச்சாங்க. தங்கச்சியா இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரியா இருக்கலாம். கடவுள்தான் தெளிவு குடுக்கணும். நான் எழுந்து வந்துட்டேன்.

வேளைக்கு சாப்பிடு.

உன் அத்தை


தையல் கடை
அக்டோபர் 10

அத்தைக்கு,

உங்க கடிதம் வந்தப்ப ஒரு ஸ்கூல் சட்டைக்கு காலர் வச்சிட்டிருந்தேன். படிச்சிட்டு காலர தலைகீழா வச்சுத் தச்சிட்டேன். இப்பதான் பிரிச்சேன்.

பாத்துட்டு மட்டும் வாங்கன்னு சொன்னேன். நீங்க தோட்டம் முழுக்க தண்டோரா போட்டுட்டு வந்திருக்கீங்க.

அவருக்குத் தங்கச்சி கிடையாது அத்தை. கூடப் பொறந்தது நாலும் அண்ணன்.

பரவால்ல. பேப்பர் அப்பா மேசையிலதான் இருக்கு. இருபதாம் தேதி வரைக்கும் எதுக்கு, நாளைக்கே போட்டுடலாமான்னு இருக்கு. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. டப்பாவ எந்தக் கையால வாங்கினார்? அவருக்கு எல்லாத்துக்கும் இடது கைதான்.

நான்தான்


அக்டோபர் 12

கண்ணு, அவசரம். கையெழுத்து போடாத.

மறுபடி போனேன். மீசைக்காரனுக்கு வலது கை. நேராவே கேட்டுட்டேன், "ஏம்ப்பா, நீ எங்க வீட்டு மாப்பிள்ளையா?"ன்னு. "எனக்கு ஏற்கனவே ஒரு மாமனார் இருக்காரும்மா, அவர் ஒருத்தரே தாங்கல"ன்னான். டப்பா கொண்டு வந்த அவன் பொண்டாட்டி விழுந்து விழுந்து சிரிச்சா. மானம் போச்சு.

இடது கைக்காரன்னா இங்க தாடிதாங்கறான். இன்னைக்கு அவருக்கு லீவாம். தாடின்னா, நான் பெரியவரேன்னு கூப்பிட்டு உன் கதைய எல்லாம் ஒப்பிச்ச அதே ஆளு! தலை சுத்துது.

அத்தை


அக்டோபர் 14

அத்தை,

தாடியா? ஒரு நாள் சவரம் பண்ணாட்டி முகம் அரிக்குதும்பார். ஒல்லின்னு வேற எழுதியிருக்கீங்க. எனக்கு எதுவும் பிடிபடல.

சாப்பிட்டாரா, தூங்கினாரான்னு ஒண்ணும் கேக்க வேணாம். ஒரு தடவகூட ஏன் வரல? இத மட்டும் கேளுங்க. இருபதுக்குள்ள பதில் போடுங்க. பேப்பர் இன்னும் அப்படியேதான் இருக்கு.

நான்தான்


அக்டோபர் 16

கண்ணுக்கு,

கேட்டேண்டி. கேட்டதுக்கு அப்புறம் முன்னைய விட மோசமா குழம்பிப் போயிருக்கேன்.

அவர்தான். கிட்ட போய் நின்னதும் "வாங்க அத்தை"ன்னார். "அடப்பாவி மனுஷா, அன்னைக்கே என்னை அடையாளம் தெரிஞ்சுதா?"ன்னேன். "பெஞ்சுக்கு வரும்போதே தெரிஞ்சுது"ன்னார். "அப்ப வாயத் திறக்கறதுக்கென்ன?" "நான்தான்னு சொல்லியிருந்தா நீங்க நிறுத்தியிருப்பீங்க. அவளப் பத்திப் பேசறவங்க இங்க யாரு இருக்காங்க?"ன்னார். சொல்லிட்டு மூக்க உறிஞ்சினார். குளிருன்னார்.

சோம்பேறிங்கன்னு எழுதினேனே, அது தப்பாம். வாடின பூவ வெட்டாம விடறதும் வேலைதானாம். இந்த மாசத்துல வெட்டினா செடி ஏமாந்து துளிர் விட்டுடும், பனியில துளிரெல்லாம் கருகிடுமாம். விட்டுட்டா காய் பிடிச்சு அடங்கிடுமாம். காயக் காட்டினார், சின்ன வெங்காயம் சைசுல செக்கச்செவேல்னு இருக்கு. நான் போனது வேற விஷயத்துக்கு, அவர் சொன்னது இத. நானும் தலைய ஆட்டினேன்.

உன் கேள்விக்கு வரேன். "ஏன் வரல மாப்பிள்ளை?"ன்னேன். "வந்தேனே"ன்னார். போன வருஷம் மழைக்காலத்துல, ஒரு ஞாயித்துக்கிழமை வந்தாராம். உங்கப்பா வாசல் கேட்டுகிட்டயே நிறுத்தி, "அவ உன் முகத்துல முழிக்க மாட்டேங்கறா, போயிடு"ன்னாராம். "உள்ள வந்து அவள ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"ன்னேன். "அவளே சொன்னதா சொன்னாரே அத்தை. அதுக்கு மேல எப்படி உள்ள வர?"ன்னார்.

எனக்கு சுர்ருன்னு வந்துடுச்சு. எங்கண்ணன் காலைல சாமி கும்பிடாம வாயில எதுவும் வைக்காத மனுஷன். பொய் சொல்லுவாரா? "நீங்க வந்திருந்தா வீட்டுல இன்னொருத்தர் கண்ணுலயாவது பட்டிருக்காதா? கதை கட்டாதீங்க"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். என்னையே கொஞ்ச நேரம் பாத்தார். அப்புறம் இலை வாரப் போயிட்டார்.

யாரடி நம்பறது? இன்னைக்கு பிரார்த்தனையில உக்காந்தும் மனசு ஒரு இடத்துல நிக்கல. அண்ணன நெனச்சா இவர் பொய், இவர் முகத்த நெனச்சா அண்ணன் பொய். நீ எதுக்கும் உங்கப்பாகிட்ட கேட்டுப் பாரு. கையெழுத்து விஷயத்துல நான் ஒண்ணும் சொல்லல. தெளிவில்லாதவ வழி சொல்லக் கூடாது.

கடவுள் உன் கூடயே இருக்கட்டும்.

உன் அத்தை

கவர ஒட்டப் போறப்ப இது ஞாபகம் வருதுடி. போன மழைக்காலத்துல நான் நாலு நாள் உங்க வீட்டுல தங்கியிருந்தேன். ஞாயித்துக்கிழமை மதியம் கேட்டுகிட்ட ஒருத்தன் தொப்பலா நனைஞ்சு நின்னான். கையில ஈரச் சாக்கு சுத்தின ஒரு செடி. "செடி விக்கறவன், வேணாம்னுட்டேன்"னு அண்ணன் சொல்லிட்டு உள்ள போயிட்டார். விக்கறவன் விலையே சொல்லலியேன்னு அப்பவே தோணுச்சு. பாவமா இருந்துச்சு, நான்தான் ஒரு டம்ளர் டீ கொண்டு போய்க் குடுத்தேன். மாடியில உன் மெஷின் கடகடன்னு ஓடிட்டிருந்துச்சு. குடிச்சு முடிக்கற வரைக்கும் மாப்பிள்ளை மாடியவே பாத்துட்டு நின்னார்.