ஆசியாக் கோப்பையும் சகலையின் ஆன்டெனாவும்

7-4-84, சனி
காலையிலிருந்தே வெயில். சாரலுக்கு இன்னும் இரண்டு மாதம்.

ஆன்டெனாவைத் திருப்பிவிட்டது நான்தான். வயது நாற்பத்தேழு, அரசாங்க உத்தியோகம், பத்திரிகைகளில் ஏழெட்டுத் துணுக்கு வந்த எழுத்தாளன். இத்தனையும் உள்ளவன் இன்று சாயங்காலம் குற்றாலத்தில் சகலையின் லாட்ஜ் மொட்டை மாடியில், கொடியில் காய்ந்த போர்வைகளுக்கு நடுவே குனிந்து போய், ஆன்டெனாக் குழாயைக் கிழக்கிலிருந்து மேற்கே திருப்பினேன். நேற்று வரை கொழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. இனி மலையைப் பார்க்கட்டும். அருவியில் தண்ணீர்கூட இல்லை, வெறும் பாறை. நன்றாகப் பார்க்கட்டும்.

எழுதிவைத்தால் மனசு லேசாகும் என்பார்கள். ஆகவில்லை.

காரணம் நேற்று. ஷார்ஜாவில் ஆசியாக் கோப்பை என்று புதிதாக ஒன்று. ஆசியா என்றால் மூன்றே நாடு. நாம், பாகிஸ்தான், இலங்கை. சீனா, ஜப்பானுக்குத் தாக்கல் சொல்லவில்லை போல. நேற்று முதல் ஆட்டம், பாகிஸ்தானும் இலங்கையும். தென்காசியில் என் வீட்டு முன்னறையில் பாய் விரித்து, ரேடியோவைத் துடைத்து, மர்பி ரேடியோ விளம்பரக் குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தேன். வருஷக்கணக்காக என் ஆட்கள் அங்கேதான் வருவார்கள். கமென்ட்ரியைக் கேட்டு நான் தமிழில் சொல்வேன். நேற்று ஒரு ஈ வந்தது.

எல்லாரும் பஸ் ஏறிக் குற்றாலம் போய்விட்டார்கள். சகலை சங்கரலிங்கம் (இனி ச. முழுப் பேர் எழுத மை தண்டம்) டிவி வாங்கியிருக்கிறான். சீசனுக்கு வருகிறவர்களுக்காகவாம். கொழும்பு டிவி எடுக்கிறது. இலங்கை ஜெயித்ததை ஷார்ஜாவில் உட்கார்ந்த மாதிரி பார்த்தார்களாம்.

8-4, ஞாயிறு
இந்தியா–இலங்கை. நானும் மனைவி கோமதியோடு போனேன், கொழுந்தியாள் சாப்பிடக் கூப்பிட்டாள் என்ற சாக்கில். டிவியில் படம் இல்லை, வெள்ளைப் புள்ளியாகப் பொரி பொரிந்துகொண்டிருந்தது. எனக்கு உள்ளே அப்பளம் பொரிந்தது.

ச. ஓடி வந்தான். "அண்ணாச்சி, ராத்திரி காத்துல திரும்பிட்டு போல. மேல போயி கொஞ்சம் பாருங்களேன். நீங்கதான் நல்ல வளத்தி."

போகாவிட்டால் சந்தேகம். போனேன். கிழக்கே திருப்பினேன்.

"தெரியுதா?"

"கோடு கோடாத் தெரியுது!"

"இப்ப?"

"ஒவ்வொருத்தனும் ரெண்டு ரெண்டாத் தெரியுதான்!"

"இப்ப?"

"தெளிவா இருக்கு, அண்ணாச்சி! கைய எடுத்துராதீங்க! எடுத்தா போயிருது!"

என் உடம்பில் என்ன கூடுதலோ குறைவோ, நான் பிடித்தால்தான் படம். வேறு ஆள் பிடித்தால் பொரி. இலங்கை தொண்ணூற்றாறுக்குச் சுருண்டது, நாம் விக்கெட்டே விழாமல் அடித்தது, எல்லாம் என் காலுக்குக் கீழே நடந்தது. ஒரு பந்து பார்க்கவில்லை. ஜவுளிக்கடை பிச்சையா, என் முன்னறைப் பாயில் முதல் ஆளாக வந்து உட்காருகிறவர், மோர் கொண்டுவந்தார்.

"நம்ம கீப்பர் என்னமா அடிக்கான் தெரியுமா? அடடா, நீங்கதான் பாக்க முடியாதே."

மோரில் உப்பு இல்லை.

9-4
உள்ளங்கை இரண்டும் கொப்புளம். கோமதி எண்ணெய் தடவினாள்.

"ஏன் இம்புட்டு நேரம் பிடிச்சிய?"

"சகலைக்கு ஒத்தாசை."

"காத்து அடிச்சா கொடியில கிடந்த போர்வைல்லா முதல்ல பறக்கணும்? அது கிடந்த இடத்துலயே கிடக்கு. குழாய் மட்டும் திரும்பிருமாக்கும்."

கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். கொப்புளத்தை இன்னும் ஒரு அழுத்து அழுத்தினாள்.

ச.விடம் உள்ளவை: டிவி. லாட்ஜ். சுருட்டை முடி (நாற்பதிலும்). மாமனார் அவனுக்கு மட்டும் எழுந்து நிற்கிறார். இதெல்லாம் பொறுத்தேன். என் ஆட்களைக் கொண்டுபோனதுதான் பொறுக்கவில்லை. ரேடியோ முன்னால் நான் வாயைத் திறக்கும்போது பதினாலு பேர் வாய் மூடும். ஆபீஸிலும் வீட்டிலும் நடக்காத அதிசயம் அது.

11-4
கடை வீதியில் பிச்சையா. "வெள்ளிக்கிழமை பாகிஸ்தான் மேட்ச். ஜெயிச்சா கோப்பை நமக்கு. ச. வடைக்குச் சொல்லியிருக்கான்."

"நம்ம ரேடியோ?"

"ரேடியோல என்ன இருக்கு, அண்ணாச்சி? இங்கன கண்ணாலயே பாக்கலாம்லா."

மளிகை மறந்து வீடு திரும்பினேன். வசவு.

13-4, வெள்ளி. சித்திரை ஒன்று
குற்றாலத்தில் விசுத் திருவிழா. தீர்த்தவாரி. கூட்டம். அருவி வறண்டதால் குளத்தில் குளித்தவர்கள் ஈரத் துண்டோடு நேராக டிவி முன்னால். துண்டுக்கு அடியில் பையில் டிரான்சிஸ்டர் கொண்டுபோனேன், ஏன் என்று தெரியாமல். குழாயைப் பிடித்தேன்.

"தெரியுதா?"

"தெரியுது, அண்ணாச்சி! ஆனா மேட்ச் இல்ல! பொம்பளைங்க சுத்தி உக்காந்து மேளம் அடிக்காங்க!"

இலங்கைக்காரர்களுக்கும் இன்றுதான் வருஷப் பிறப்பு. விளக்கு ஏற்றினார்கள், பலகாரம் காட்டினார்கள், மறுபடி மேளம். அரை மணி பொறுத்தார்கள். "ஏலே, ஷார்ஜாவ எங்கடா?" என்று ஒருவர் டிவியையே கேட்டார். ச. முகம் இரண்டு நாள் வடை மாதிரி.

இறங்கி வந்து டிரான்சிஸ்டரை மேஜையில் வைத்தேன். டிவியை அணைத்தது பிச்சையா. நான் சொல்லவில்லை.

சாயங்காலம் வரை நான்தான் ஷார்ஜா. கமென்ட்ரி அரை மணி இங்கிலீஷ், அரை மணி இந்தி, இரண்டையும் மூச்சு விடாமல் சொன்னேன். இந்தி ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு ரன் அவுட்: பாகிஸ்தான்காரன் ஒருவன் ஓடி வரும்போது நம் ஆள் எல்லைக்கோட்டிலிருந்து எறிந்தானே ஓர் எறி, பிச்சையா எழுந்தே நின்றுவிட்டார். இங்கிலீஷ் திரும்பியபோது கணக்கில் ஒரு விக்கெட் குறைந்து இடித்தது. "அம்பயர் அவனத் திரும்பக் கூப்பிட்டுட்டாரு லே" என்றேன். அம்பயருக்கு வசவு.

ஐம்பத்து நான்கு ரன்னில் ஜெயித்தோம். முதல் கோப்பை நமக்கு. ச. கையைப் பிடித்துக்கொண்டான். "டிவியிலகூட இம்புட்டுத் தெளிவா இருக்காது, அண்ணாச்சி." முழு வடை நாலு தந்தான். அவன் சுருட்டை முடிகூட இன்று உறுத்தவில்லை.

யாரும் படிக்கப் போவதில்லை என்பதால்: இந்தி எனக்கு ஓர் அட்சரம் தெரியாது.