எழுந்துகொள்ள முடிகிற சீட்டு

ஆகஸ்ட் 3
மழை. தையல் மெஷின் பெல்ட் அறுந்துவிட்டது. மகள் ரோஸ்லின் போன் செய்தாள். குழந்தைக்கு அடுத்த மாதம் பதினாலாம் தேதி இரிஞ்ஞாலக்குடா சர்ச்சில் ஞானஸ்நானம். எங்கள் வழக்கப்படி இரண்டாவது பையனுக்கு அம்மாவின் அப்பா பெயர்தான் வைப்பார்கள். ஆகவே இவனும் ஔசேப்பு. பெயருக்குச் சொந்தக்காரரிடம், என் வீட்டுக்காரர் இச்சாயனிடம், சொன்னேன். ஒரு நிமிடம் முகம் மலர்ந்தது. பிறகு, "பேரு போனா போதும். ஆளு எதுக்கு?"

ஆகஸ்ட் 4
காரணம் எனக்குத் தெரியாதா? ஆபரேஷன் முடிந்து, மடங்காத இடது காலோடு வீட்டுக்கு வந்த அன்று, எங்கள் சின்னக் காரிலிருந்து இச்சாயனை நாலு பேர் இழுத்து இறக்கினார்கள். வேட்டி அவிழ்ந்தது. தெருவே பார்த்தது. அன்றிலிருந்து மனிதர் கேட்டைத் தாண்டவில்லை. "சாக்கு மூட்டைக்கு ஊர்ப் பயணம் எதுக்குடீ?" என்றார் இன்று சாப்பிடும்போது.

கால் மாறாது. கார் மாறலாமே?

ஆகஸ்ட் 9
கோட்டயத்தில் பழைய கார் விற்கிற இடத்துக்குப் போனேன். எங்கள் கைக்கு எட்டுவது இரண்டு. ஒன்று நீளமானது, தனி டிக்கி வைத்தது, கல்யாண மாப்பிள்ளை வருகிற மாதிரி. மற்றது உயரமாய், பின்பக்கம் வெட்டிவிட்டாற்போல, ரொட்டி டப்பா. தையல் நாடாவை எடுத்து இரண்டையும் அளந்தேன். விற்பனைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும். கால் நீட்டுகிற இடம் நீளக் காரில்தான் ஒரு சாண் அதிகம். சீட்டோ வெண்ணெய். உட்கார்ந்ததும் கொட்டாவி வந்தது. டப்பாவில் பள்ளிக்கூடப் பெஞ்சில் இருப்பதுபோல நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது.

நீளக் கார்தான். முடிவு செய்தாயிற்று.

"ஒரு தடவை வந்து உட்கார்ந்து பாருங்களேன், இச்சாயா."

"நீ உட்கார்ந்தியே, போதாதா?"

நான் ஐந்தடி. அவர் ஆறடி. எப்படிப் போதும்?

ஆகஸ்ட் 12
ஒரு யோசனை. பைத்தியக்கார யோசனைதான். அடுத்த வீட்டுத் தங்கப்பன் இச்சாயனின் அதே அச்சு. இருவருக்கும் ஒரே அளவில்தான் சட்டை தைக்கிறேன். ஆனால் சீட்டாட்டத்தில், "கூட்டாளிக்குக் கண்ணக் காட்டினே!" என்று இச்சாயன் கத்தியதிலிருந்து ஒரு வருடமாய் இருவருக்கும் பேச்சில்லை.

கேட்டுத்தான் பார்ப்போமே.

ஆகஸ்ட் 14
தங்கப்பன் வந்தார். "அந்த ஆளுக்காக இல்ல, சேச்சி. உங்க மீன்கறிக்காக."

கார் விற்கிற இடத்தில், அவர் இடது கால் மடங்காதபடி மரச்சட்டத்தை வைத்து லைனிங் துணியால் இறுகக் கட்டினேன். விற்பனைப் பெண் இந்தத் தடவை சிரிக்கவில்லை, பயந்துபோனாள்.

முதலில் நீளக் கார். தலையை இடித்துக்கொண்டு உள்ளே விழுந்தார். "ஆஹா! சொகம், சேச்சி!" சரி, இறங்குங்கள் என்றேன். முக்கினார். முனகினார். சீட்டு அவரை இன்னும் ஆழமாய் விழுங்கியது. "சேச்சி, கொஞ்சம் கையக் குடுங்க."

கை கொடுக்கத்தானே கூடாது! அந்தக் கைகளால்தானே இச்சாயன் வீட்டோடு கிடக்கிறார்!

அடுத்து டப்பா. முன்சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளினோம். சீட்டு நாற்காலி உயரம். முதலில் உட்கார்ந்தார், பிறகு சுழன்று காலை உள்ளே விட்டார். அப்படியே திரும்பி, கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். யார் கையும் தேவைப்படவில்லை. நான் நீளத்தை அளந்தேன், உயரத்தை அளக்கவே இல்லை. என்ன தையல்காரி நான்!

ஆகஸ்ட் 15
யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

"எனக்குப் பதிலா தங்கப்பனா? அவனுக்கு என்னை மாதிரி நொண்டத் தெரியுமாடீ?"

"தெரியலதான். நீங்க வந்து சொல்லிக் குடுங்க."

சாயங்காலம் கைத்தடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 18
ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று டப்பாவை வீட்டுக்கு வரவழைத்தேன். கேட்டுக்கு வெளியே நிறுத்தினேன் — வேண்டுமென்றேதான். தங்கப்பனை முன்சீட்டில் உட்காரவைத்து ஹாரனை அழுத்தினேன்.

இச்சாயன் வந்தார். கேட்டைத் தாண்டி! எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"எறங்குடா என் சீட்டுலருந்து."

ஒரு வருடத்தில் முதல் பேச்சு. தங்கப்பன் இறங்கிக் கை நீட்டினார். "தள்ளி நில்லு." இச்சாயன் உட்கார்ந்தார். காலை உள்ளே விட்டார். இறங்கினார். மறுபடி ஏறினார். எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் இறங்கினார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

செப்டம்பர் 3
வண்டி எங்களுடையதாயிற்று. ஒரே ஒரு குறை. அவருக்காக முன்சீட்டைத் தள்ளியதில், அவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு பூனைதான் உட்காரலாம்.

செப்டம்பர் 14
அவ்வளவு தூரம் என்னால் ஓட்ட முடியாது, தங்கப்பன் ஓட்டினார். அவரும் ஆறடி, அவரும் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டார். நான் பின்சீட்டில் குறுக்காக, கேக் பெட்டி மடியில். முன்னால் இரண்டு பேரும் வழியெல்லாம் அந்தப் பழைய ஆட்டத்தையே ஆடிக்கொண்டு வந்தார்கள். "கண்ணக் காட்டினே." "தூசி விழுந்துச்சுடா!"

சர்ச் வாசலில் சம்பந்தி வீட்டார் கை நீட்டி ஓடிவந்தார்கள். "எல்லாரும் தள்ளி நில்லுங்க," என்றார் இச்சாயன். எழுந்து நின்றார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். தண்ணீர் ஊற்றியதும் சின்ன ஔசேப்பு வீறிட்டான். பெரிய ஔசேப்புதான் வாங்கி வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது அங்கமாலி தாண்டிக் கேட்டார்: "பின்னாடி இடம் இருக்காடீ?"

முழங்கால் மரத்துப்போய் வெகு நேரமாகியிருந்தது.

"தாராளமா இருக்கு, இச்சாயா," என்றேன்.