பூ தின்ற மான்

நவம்பர் 4, செவ்வாய்

ராத்திரி முழுக்க மழை. விடிந்தும் தூறல். துணி ஒன்றும் காயவில்லை. அடுப்படியில் கொடி கட்டி மகள் கிருபாவின் நைட்டிகளைப் போட்டேன். வீடெல்லாம் ஈர வாடை.

செய்ய வேண்டியது: பள்ளிக்கூடத்துக்கு லீவு நீட்டிக்க ஹெச்.எம்.மிடம் பேச. சத்து மாத்திரை. கேஸ். மல்லிகைப்பூ.

பூ தலையில் வைக்க இல்லை. கி.க்குப் பால் வற்ற, மார்பில் வைத்துக் கட்ட. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். இருந்தாலும் இதுவும் இருக்கட்டும் என்று மாமியார் காலத்துப் பழக்கம். காலையும் மாலையும் மாற்றுகிறேன். பிள்ளை இல்லை என்று உடம்புக்கு யார் போய்ச் சொல்வது. அது பாட்டுக்குச் சுரக்கிறது. வாடின பூவைக் கொல்லையில் வாழைத் தூரில் கொட்டப் போனேன்.

துணி துவைக்கிற கல்லை ஒட்டி ஒரு புள்ளிமான். பெட்டை. என்னைப் பார்த்தும் ஓடவில்லை. காது இரண்டும் தொங்கிப்போய், வாயில் எச்சில் ஒழுகுகிறது. பின் தொடையில் பெரிய கடி. களக்காட்டில் மானைப் பார்ப்பது அதிசயமில்லை, மலையடிவாரம். வாழைக்குள் வரும், ஆள் அரவம் கேட்டால் பறக்கும். இது பறக்கவில்லை.

இவரிடம் சொன்னேன். "நாய் கடிச்சிருக்கும். பைய போயிரும்" என்றார். வாழைத்தார் ஏற்றப் போய்விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இவர் வாயிலிருந்து வருவது தார் விலை மட்டுந்தான்.

கி. சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். இட்லி தொடவில்லை. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகிறது. எட்டாம் மாதம். மூச்சில்லாமலே பிறந்தது. அதற்குப் பிறகு அவள் என்னிடம் சொன்னது "ம்", "வேண்டாம்". வேறில்லை.

சாயங்காலம் பெண்கள் சங்கத்திலிருந்து ஒரு கூட்டம். "சின்ன வயசுதான டீச்சர், அடுத்த வருசமே மடி நிறைஞ்சிரும்." உள்ளே படுத்திருக்கிறவளுக்குக் காது இல்லை என்ற நினைப்பு. முறுக்கு ஒரு டப்பா காலி. காப்பி நன்றாக இருந்ததாம்.

ஜெபம் பண்ண உட்கார்ந்தேன். "ஆண்டவரே" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. எழுந்து பாத்திரம் கழுவினேன்.

நவம்பர் 5, புதன்

மழை விட்டது. மலை பளிச்சென்று தெரிகிறது. மான் அங்கேயேதான்.

ஒன்று நடந்தது. பழைய பூவைக் கொட்டிவிட்டு வந்து கி.க்குப் புதுப்பூ கட்டிக்கொண்டிருந்தேன். சன்னல் திறந்திருந்தது. திடீரென்று அவள்: "அம்மா, அது பூவத் திங்குது."

பூச்சரத்தைக் கீழே விட்டுவிட்டேன். மானுக்காக இல்லை. ஒரு முழு வாக்கியம்!

எட்டிப் பார்த்தேன். தலையைத் தாழ்த்தி, அந்த வாடின மல்லிகையை ஒவ்வொன்றாக. கி. எழுந்து உட்கார்ந்தாள். காப்பி கொடுத்தேன். குடித்தாள். "சீனி பத்தல" என்றாள். ஓடிப்போய்ச் சீனி எடுத்து வந்தேன், ஸ்பூனை எடுக்க மறந்து.

மத்தியானம் இவர் வந்து பார்த்துவிட்டு, "இது போற மாதிரி இல்ல. ஃபாரஸ்ட்டுக்குச் சொல்லிருவோமா?" என்றார். பக்கத்து வீட்டு அண்ணாச்சி, ஆடு வளர்க்கிறவர், வேலிக்கு அந்தப் பக்கம் நின்று: "சொல்லிராதிய டீச்சர். செத்துச்சுன்னா நீங்கதான் அடிச்சியன்னு அலைய விட்டுருவானுவ."

"அண்ணாச்சி சொல்லுததும் சரிதான். நாளைக்குப் பாப்போம்" என்றேன்.

அண்ணாச்சி சொன்னதற்காக இல்லை. யாரும் பார்க்காத நோட்டில் எனக்கு நானே பொய் எழுதி என்ன ஆகப்போகிறது. ஜீப் வந்தால் மானைக் கொண்டுபோய்விடுவார்கள். கி. மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள்.

நவம்பர் 6, வியாழன்

வானம் மூடாப்பு. கேஸ் வந்தது. மருமகன் திருப்பூரிலிருந்து போன். அழுகிறார், பாவம். வேலையில் லீவு கிடையாதாம். கி. "பொறவு பேசுதேன்னு சொல்லுங்க" என்றாள். பேச மாட்டேன் என்று சொல்லவில்லை!

நாற்காலியைக் கொல்லை வாசலில் போடச் சொன்னாள். செம்பருத்திக் கொப்பு ஒடித்துக் கொடுத்தேன். தூக்கிப் போட்டாள். மான் முகர்ந்தது, இரண்டு இலை தின்றது, பிறகு விட்டுவிட்டது. கி. தின்றது: காலையில் இரண்டு தோசை. மத்தியானம் ஒரு தட்டுச் சோறு, சொதி.

புண் நாறுகிறது. ஈ. நாற்றம் வாசல் வரைக்கும் அடிக்கிறது. புழு வைத்திருக்கும். எனக்குத் தெரிகிறது. மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவள் நான்.

இவர் வேப்பெண்ணெயில் கற்பூரம் போட்டு எடுத்துக்கொண்டு போனார். கிட்டே போனதும் மிரண்டு, மோட்டார் அறைச் சுவரில் மோதிக்கொண்டது. கி. "அப்பா, வேண்டாம்ப்பா!" என்று கத்தினாள். திரும்பி வந்துவிட்டார்.

அடுப்படியில் வந்து மெதுவாகக் கேட்டார். "ஏன் இன்னும் சொல்லல?"

"அவ சாப்பிட்டுருக்கா."

என்னையே பார்த்தார். போய்க் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

நாளை காலையில் கட்டாயம் போன் பண்ண வேண்டும். கட்டாயம்.

நவம்பர் 7, வெள்ளி

எழுதவே கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

விடிந்து பார்த்தால் மான் படுத்துக் கிடக்கிறது. வயிறு மட்டும் ஏறி இறங்குகிறது. உடனே போன் பண்ணினேன். ஜீப் வந்தது. ஃபாரஸ்ட் கார்டு ஒருவர், மாட்டு டாக்டர் அம்மா, சின்ன வயது. கையுறை போட்டுத் தொடையை விரித்துப் பார்த்தாள்.

"புழு உள்ள வரைக்கும் போயிட்டு. ரெண்டு நாளைக்கு முன்னாடி சொல்லியிருந்தா மருந்து வச்சுப் பாத்திருக்கலாம் டீச்சர்."

இரண்டு நாள். அதைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். ஒரு தம்ளர் காப்பிக்கும் ஒரு தட்டுச் சோற்றுக்கும். வாயில்லா ஜீவன், அதன் நாளைப் பிடுங்கி என் பிள்ளைக்கு ஊட்டியிருக்கிறேன். இதே போல மறுபடி வந்தால் மறுபடியும் இதைத்தான் செய்வேனோ என்று பயமாக இருக்கிறது.

ஊசி போட்டார்கள். ஜீப்பில் ஏற்றுமுன்பே அடங்கிவிட்டது. அண்ணாச்சி வேலிக்கு அந்தப் பக்கம் துண்டைத் தோளிலிருந்து இறக்கினார்.

கி. படியில் நின்றிருந்தாள். அழவில்லை. கார்டைக் கேட்டாள். "இத என்ன செய்வீங்க?"

"அறுத்துப் பாத்து எழுதிட்டு, காட்டுக்குள்ளயே பொதைச்சிருவோம்மா."

"எங்கன?"

அவருக்குப் புரியவில்லை.

"எங்கன பொதைப்பீங்க? இடத்தச் சொல்லுங்க."

"செக்போஸ்ட்டு தாண்டி, ஓடைக்கு அங்கிட்டு ஒரு நாவமரம் நிக்கி. அதுக்கடியிலதாம்மா. வந்தியன்னா காட்டுதேன்."

அவள் தலையாட்டினாள். ஜீப் போகிற வரைக்கும் நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"என் பிள்ளைய எங்க வச்சிய?"

எனக்குத் தெரியாது. தெரியவே தெரியாது. நானும் மருமகனும் ஆஸ்பத்திரியில் இவளோடு இருந்தோம். இவர்தான் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தார். நானும் கி.யும் முகம்கூடப் பார்க்கவில்லை. கல்லறைத் தோட்டம் என்று மட்டும் தெரியும். தாயிடம் இடத்தைச் சொல்லாதிய, அங்கேயே போய் உட்கார்ந்துவிடுவாள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அதைக் கேட்டு நானும் தலையாட்டினேன். எனக்காகவும் கேட்டுக்கொள்ளவில்லை. பிள்ளை என்ன நிறம் என்றுகூட இவரிடம் கேட்கவில்லை.

மானுக்கு இடம் சொல்ல ஒரு ஆள் இருக்கிறது.

இவர் ஹோஸ் பைப்பால் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார். "அப்பா" என்று கூப்பிட்டாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, திரும்பவில்லை. மோட்டாரை நான் போய் நிறுத்தினேன்.

"சொல்லக்கூடாதுன்னு சொன்னாவம்மா" என்றார். அதோடு சுவரைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து இவர் அழுது நான் பார்த்ததில்லை.

நவம்பர் 8, சனி

தூறல். மூன்று பேரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். கோயில் மணி அடிக்கிறவரிடம் கேட் சாவி. ஒன்றும் கேட்காமல் கொடுத்தார்.

கி. நடக்கக் கஷ்டப்பட்டாள். என் தோளைப் பிடித்துக்கொண்டாள். இன்று வாங்கின மல்லிகையைக் கட்ட விடவில்லை, கையில் எடுத்துக்கொண்டாள். மேற்கு மதிலோரம், வேம்புக்குக் கீழே. சிலுவை இல்லை. பெயர் இல்லை. மண் மழையில் அமுங்கி, தரையோடு தரையாக. காட்டாவிட்டால் யாருக்கும் தெரியாது.

"பொண்ணும்மா" என்றார் இவர். "முடி நிறைய. மூக்கு உன்னைய மாதிரி."

கி. உட்கார்ந்தாள். இவர் குனிந்து, உள்ளங்கையை மண்ணில் வைத்துக் காட்டினார்.

"அங்கன இல்ல தாயி. தலை இந்தப் பக்கம்."

நகர்ந்து, அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.