வலிக்குப் பத்துக்கு இரண்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேரனும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும், நான் நன்றாக இருக்கிறேன். எப்போதும் நாங்கள் இருவரும் நலம் என்று எழுதுகிறவன் இந்தத் தடவை என்னை மட்டும் எழுதியிருக்கிறேன், அதிலேயே உனக்குச் சந்தேகம் வந்திருக்கும். உட்கார்ந்து படி. அம்மா உயிரோடு இருக்கிறாள், பேசுகிறாள், என்னைத் திட்டுகிறாள், அதற்கெல்லாம் ஒரு குறைவும் இல்லை. ஆனால் போன வாரம் நீ போனில் பார்த்தது நம் வீட்டுக் கட்டில் இல்லை, ஆஸ்பத்திரிக் கட்டில். முகத்தோடு முகமாகப் போனைப் பிடித்துக்கொண்டு லேசா ஜலதோஷம், அதான் படுத்திருக்கேன் என்றாளே, அப்போது நான் கால்மாட்டில்தான் நின்றுகொண்டிருந்தேன். உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கியிருக்கிறாள். அதனால்தான் போனில் பேசாமல், கீழே கேன்டீனில் ஒரு ஆடுகிற மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சத்தியம் பேசுவதற்குத்தானே, எழுதுவதற்கு இல்லையே என்று என் மனசுக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முடித்ததும் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பிவிடுவேன், கையெழுத்து கோணலாக இருந்தால் மேசையைத் திட்டு.

முதலிலிருந்து சொல்கிறேன். முதியோர் இல்லத்தில் உன் அம்மா பார்க்கிற வேலை உனக்குத் தெரியும், எழுந்திருக்க முடியாதவர்களைப் புரட்டுவது, தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க்குகளில் ஒன்று அதிலேயே நசுங்கிப்போனது. நீ ஸ்டெம் செல் சிகிச்சை பற்றிப் படித்துவிட்டு, இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று தேடிக் கண்டுபிடித்துச் சொன்னாய். அவளுடைய இடுப்பெலும்பிலிருந்தே மஜ்ஜையை எடுத்து, அதிலிருந்து செல்களைப் பிரித்து வளர்த்து, அந்த டிஸ்க்குக்குள் ஊசியால் செலுத்தினார்கள். இது இன்னும் சோதனைதாம்மா, பலன் இருக்கும்னு நான் வாக்கு கொடுக்க முடியாது என்று அந்தச் சின்ன டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள். உன் வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. எங்களை யாரும் ஏமாற்றவில்லை. நீ சொல்லித்தானே இப்படி ஆயிற்று என்று உனக்குத் தோன்றினால் அந்த நினைப்பை இப்போதே தூக்கி எறி. ஊசியால் கெட்டது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. கெடுத்தது உன் அம்மாவின் வாய்.

ஊசி போட்ட பிறகு மாதம் ஒரு தடவை கூப்பிட்டு, வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க என்று கேட்பார்கள். ஊசிக்கு முன்னால் ஏழு சொன்னவள், அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் இரண்டு என்றாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அதைக் கேட்டு உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். வாழ்நாள் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் செய்தவன் நான். எந்த லிஃப்டும் கெட்டுப்போகுமுன் கிரீச்சென்று ஒரு சத்தம் கொடுக்கும், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனால் கோளாறு இருக்கிற இடம் தெரிந்துவிடும். வீட்டில் சத்தமே இல்லை, அதனால் கோளாறும் இல்லை என்று இருந்துவிட்டேன். அவள் ஏன் இரண்டு என்றாள் என்பது இங்கே வந்து படுத்த பிறகுதான் தெரிந்தது. தினமும் காலையில் இதே கேள்வியை இல்லத்தில் கட்டில் கட்டிலாகக் கேட்கிறவள் அவள்தான். ஒன்பது, பத்து என்கிறவர்களுக்கு வேலையாட்கள் வைத்திருக்கிற பெயர் நச்சு. இரண்டு என்கிறவர்கள் தங்கம். நான் நச்சுன்னு பேரெடுக்கணுமா என்று என்னையே கேட்கிறாள். போதாததற்கு, ரெண்டுன்னு சொன்னதும் அந்தப் பொண்ணு முகத்தைப் பார்க்கணுமே, பரீட்சையில பாஸான மாதிரி சிரிக்கும், அதைக் கெடுக்கச் சொல்றீங்களா என்கிறாள். ஊருக்கெல்லாம் தைலம் தேய்த்துவிட்டவள் தனக்கு வலிக்கிறது என்று சொல்லக் கூச்சப்பட்டாள். அவளை என்ன செய்வது சொல்.

ஊசிக்குப் பிறகு கனமாக எதையும் தூக்கவே கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். கொஞ்ச நாள் இல்லத்தில் அவளுக்குத் துணி மடிக்கிற வேலைதான் கொடுத்திருந்தார்கள். வலி குறைந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியிலேயே எழுதிவிட்டதால் பழையபடி படுக்கையாளிகள் வார்டுக்கே கேட்டு வாங்கிப் போய்விட்டாள், என்னிடம் இன்னும் துணிதான் மடிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு. அப்புறம் இடது கால் செருப்பு வழியிலேயே கழன்று விழ ஆரம்பித்தது. செருப்பு தேய்ந்துவிட்டது என்றாள், நானும் புதுசு வாங்கிக் கொடுத்தேன். அலமாரியில் பழைய போர்வைக்குப் பின்னால் பெரியவர்களுக்கான டயபர் பாக்கெட் இருந்தது, இல்லத்துக்கு வாங்கியது என்றாள், அதையும் நம்பினேன். ஒரு நாள் காலை குளியலறையில் விழுந்துவிட்டாள். கதவை உடைத்துக்கொண்டு போனால் தரையில் கிடந்தபடி, உங்களுக்கு டிபன் மேஜை மேல மூடி வச்சிருக்கேன் என்கிறாள். இடுப்புக்குக் கீழே ஈரம், அது ஈரம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். டிஸ்க் வெடித்து நரம்புகளின் மேல் கிடந்திருக்கிறது. மரத்துப்போறதும் சிறுநீர் தெரியாம போறதும் தொடங்கின அன்னைக்கே ஓடி வந்திருக்கணும் சார், ரொம்ப லேட் என்றார் ஆபரேஷன் செய்த பெரிய டாக்டர். கூடவே படுக்கிறவன் நான், எனக்கே தெரியவில்லை. அந்தச் செல்கள் வேலை செய்ததா இல்லையா என்று சின்ன டாக்டரம்மாவிடம் கேட்டேன். உங்க வீட்டம்மா சொன்ன எதையும் இனிமே கணக்குல எடுக்க முடியாதுப்பா, அது யாருக்குமே தெரியாது என்றாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நரம்பில் உயிர் எதுவரை இருக்கிறது என்று பார்க்கத் தினமும் காலையில் பெரிய டாக்டர் வந்து, ஒரு ஊசியால் கால் விரலிலிருந்து மேலே மேலே தொட்டுக்கொண்டு வருவார். உன் அம்மா எல்லா இடத்திலும் குத்துது குத்துது என்றாள். அதை நம்பி எழுப்பி நிறுத்தினார்கள், இடது கால் துணி மாதிரி மடங்கி அப்படியே சரிந்துவிட்டாள், தையல் பிரிந்துவிட்டது. மறுபடி ஸ்கேன் எடுத்ததில் ஏதோ அழுத்துகிறது போலத் தெரிகிறதாம். திரும்பத் திறப்பதா, இல்லை இப்படியே விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். உணர்ச்சி உண்மையில் எதுவரை இருக்குன்னு தெரியாம நான் கத்தி வைக்க முடியாது என்கிறார் பெரிய டாக்டர். நடப்பாளா மாட்டாளா என்பது அவள் வாயில் வருகிற ஒரு உண்மையில் இருக்கிறது, அந்த உண்மையை யாராலும் வாங்க முடியவில்லை. உன் சித்தி அழுது பார்த்துவிட்டாள். நான் கத்திப் பார்த்துவிட்டேன், நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னதுதான் மிச்சம்.

இன்றைக்குக் காலை பெரிய டாக்டர் அவள் கண்களை ஒரு துண்டால் மூடிவிட்டு என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். இப்ப எப்படிம்மா இருக்கு என்றார். குத்துது டாக்டர் என்றாள். இப்ப என்றார். இப்ப நல்லாவே குத்துது என்றாள். பாப்பா, ஊசி தட்டில் இருந்தது. அவர் அதைக் கையில்கூட எடுக்கவில்லை. சின்ன டாக்டரம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தவள் சட்டென்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர்கள் எல்லோரும் போன பிறகு துண்டை எடுத்துவிட்டு, ஏன்டி இப்படிப் பண்றே என்று கேட்டேன், கோபம்கூட வரவில்லை. ஒண்ணுமே தெரியலைன்னு நான் சொல்லிட்டா, அதைக் கேட்டுட்டு நீங்க எங்க போவீங்க என்றாள். நான் தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கீழே வந்துவிட்டேன், வந்துதான் இதை எழுதுகிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இத்தனை வயசில் உன்னிடம் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். லீவு கிடைக்காது, டிக்கெட் கிடைக்காது என்று யோசிக்காமல் கிளம்பி வா. பேரனை மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார். வந்து அவள் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வைக்குள் கையை விட்டு அவள் காலைப் பிடித்துக்கொள். எந்தக் கால் என்று அவளையே சொல்லச் சொல். எப்படி இருக்கிறாய் என்று மட்டும் கேட்காதே, கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்லுவாள். உன் கை எந்தக் காலில் இருக்கிறது என்பதில் மட்டும் அவளால் பொய் சொல்ல முடியாது என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அதற்குப் பிறகு அவள் அழுவாள், அழட்டும், நீ அழாதே.

நீயும் பிள்ளையும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும், உன் வீட்டில் எந்தக் குறையும் வரக்கூடாது, வயிறார வாழ்த்துகிறேன். தூரப் பயணம், ஸ்வெட்டர் எடுத்துக்கொள், வழியில் வெறும் காப்பியைக் குடித்துக்கொண்டு வராதே. கிளம்புவதை அம்மாவுக்குச் சொல்லாதே, சொன்னால் எழுந்து நடக்கிறேன் பார் என்று எதையாவது செய்துவைப்பாள்.

உன் கை வந்து சேரும்வரை காத்திருக்கும்,
அப்பா